மடவைக் குஞ்சுகள் எங்கிருந்து வரும்

புது நூற்றாண்டு பிறந்த சமயம். விலங்கியல் முடித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த உதவியாளராக இருந்தேன். வீடிருந்த எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் மாறி மாறி எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போவேன். மடவை மீனின் வால் துடுப்பில் நகத்தளவு வெட்டி ஸ்பிரிட் குப்பியில் போட வேண்டும். பழவேற்காடு, எண்ணூர், நாகப்பட்டினம் மீன்களெல்லாம் ஒரே கூட்டமா, தனித்தனியா என்று மரபணுவை வைத்துப் பார்ப்பது திட்டம்.

குப்பத்தில் யாரும் என்னை நம்பவில்லை. ஆலைக்காரன் அனுப்பிய ஆள் என்றார்கள். மீன்கூடையோடு நின்ற ஓர் அக்காதான் முதலில் மீனை நீட்டினார். அவர் புருஷன் கழிமுகத்தில் வலை வீசுவார். இவர் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பார்.

“ஓரமா வெட்டிக்க தங்கச்சி. இத்த வச்சி இன்னா கண்டுபுடிப்ப?”

“இதோட சொந்தக்காரங்க எங்க கீறாங்கன்னு தெரியும்க்கா.”

சிரித்தார். அதன்பின் ஒன்றரை வருடம் அவர் கூடையில்தான் வெட்டினேன். பல நாள் மதியச் சோறும் அவர் வீட்டில்தான். எந்த ஏரியா, எந்தத் தெரு என்று ஆளை எடைபோட எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

முடிவு வந்தது. எல்லா இடத்து மீன்களும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்று. மடவை கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் வெகுதூரம் போய்க் கலந்து, கழிமுகங்களுக்குள் நுழைந்து வளர்கின்றன. திட்டத்தை நடத்திய பேராசிரியர் அறிக்கையில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: தலைமுறைக்குச் சில மீன்கள் கலந்தாலே மரபணு ஒன்றுபோலத் தெரியும், ஓரிடத்தில் அழிந்ததை இன்னோரிடம் ஈடுகட்டிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை.

அந்த மாதம்தான் கழிமுகத்தின் ஒரு பகுதியைத் தூர்த்து ஆலையொன்றை விரிவாக்குவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஆலை அதிகாரியின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல ஆலைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர், “போய்ட்டு வாம்மா, அவங்களைப் பகைச்சுக்க முடியாது,” என்றார். என் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்துப் படித்தார். இந்தக் குப்பத்து மீனை வெட்டிச் செய்த ஆய்வின்படி இங்கிருப்பது எங்கும் இருக்கும் மீன்தான், குஞ்சுகள் வேறு இடங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும், மீன்வளத்துக்கு நிரந்தரப் பாதிப்பில்லை. நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பேராசிரியரின் அந்த வரி அவர் தாளில் இல்லை. முழு அறிக்கை என் பையில் இருந்தது.

அக்கா எழுந்தார். “எங்கேர்ந்தாவது வரட்டும். வந்த குஞ்சு வளர்றதுக்குத் தண்ணி எங்க கீது? அத்தக் கேட்டுச் சொல்லு.”

இடம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார் என அதிகாரியிடம் சொன்னேன். கேட்டதை அப்படியே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆவன செய்வோம் என்றார் அவர். அதையும் மொழிபெயர்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் அக்கா வாசலில் நின்றிருந்தார்.

“நான் குடுத்த மீனாமே அது?”

“ஆமாம்க்கா.”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

ஒப்பந்தம் நீடித்தது. கட்டுரை வெளியானபோது ஐந்தாவதாக என் பெயர் இருந்தது. அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். அடுத்த திட்டத்துக்காகக் குப்பத்துக்குப் போனேன். அக்கா கூடையை மூடியபடி, “வாங்க மேடம். எத்தினி கிலோ வேணும்?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, எதையும் வெட்டாமல் திரும்பினேன்.

கழிமுகத்தில் மண் விழுந்தது. இரண்டு மழைக்காலத்துக்குள் வலையில் மடவை அரிதாயிற்று. அவர் புருஷன் லாரி கழுவப் போனார் என்று கேள்விப்பட்டேன். அக்காவைக் கடைசியாகக் காசிமேட்டு மீன் ஏலத்தில் பார்த்தேன். எங்கிருந்தோ ஐஸில் வந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டாமென்று போட்டுவிட்டு, மறுபடி அதையே எடுத்தார். நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.