அறுபத்தைந்தில் வரும் நடுக்கம்

அறுபது வரைக்கும், பின்னால் சாமான் ஏற்றும் என் கெப் வண்டி நல்ல பிள்ளை. ஸ்பீட் முள் அறுபத்தைந்தைத் தொட்டால் போதும், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு உதறல் கிளம்பும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லொறி இரண்டாகத் தெரியும். எண்பதைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். எங்கள் ரோட்டில் எண்பதைத் தாண்டுவதற்கு மாடுகள் விட வேண்டுமே! இரண்டு கிழமையாக என் நிம்மதியைத் தின்றது அந்த நடுக்கம்தான்.

தொடக்கம் பள்ளிவாசல்துறையில். வள்ளம் ஒன்றைக் கெப்பில் கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பின் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளமான சாஃப்டின் குரொஸ் உடைந்தது. குரொஸ் என்பது சாஃப்டின் தலையில் மூட்டாக இருக்கும் சின்ன இரும்பு. சாஃப்டைக் கழற்றிப் பின்னால் போட்டேன். ஃபோர் வீல் கியரைப் போட்டு, முன் சில்லுகளின் இழுவையில் மட்டும் ஊர்ந்து எங்கள் ஊர் கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தேன்.

சாஃப்ட் முழுக்க உப்புத் தண்ணீரும் மணலும். கடலுக்குப் போன சாமானை நல்ல தண்ணீரில் கழுவாமல் வைப்பது கடல் தொழில் செய்யும் வீட்டில் நடக்காத காரியம். வள்ளத்து என்ஜினைக்கூட டிரம்மில் இறக்கி ஓடவிட்டு உப்பெடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடவே போவோம். அதே கையோடு சாஃப்டையும் கிணற்றடியில் போட்டுக் கழுவினேன். நடுவில் ஒன்றுக்குள் ஒன்று போகும் பகுதியை இழுத்துப் பிரித்து, உள்ளுக்கும் வாளி வாளியாக ஊற்றினேன். துடைத்துக் கிரீஸ் பூசி, திரும்பச் செருகி, வலைக்கயிற்றால் கட்டி மச்சானிடம் கொடுத்தேன்.

மச்சான் என் கூடப் பிறந்த மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளை. கரைத்தீவில் கராஜ் வைத்திருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவருடையது. வரும்போது அவருக்கு ஏழு வயது. என் வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு, கலியாணம் கட்டாத எனக்குப் பகல் சோறு ராத்தா வீட்டில்தான். கராஜுக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டை விட்டால் எனக்கென்று இருக்கும் மனிதர்கள் யாருமில்லை.

மச்சான் புதுக் குரொஸ் இரண்டு போட்டுப் பூட்டித் தந்தார். அன்றிலிருந்துதான் நடுக்கம். முதலில் டயரைச் சந்தேகப்பட்டோம். புத்தளம் டவுனுக்குக் கொண்டுபோய் நாலு சில்லையும் பலன்ஸ் பண்ணினேன். போகவில்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். அதற்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்ணாத்திவில்லு ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அப்படியேதான் இரிக்கி மச்சான்" என்பேன். அவர் மறுபடி வண்டிக்குக் கீழே படுப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். பொறுமை என்ற சாமானை எனக்குத் தராமலே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு காலை அவரே பக்கத்தில் ஏறினார்.

"ஸ்டியரிங் நடுங்குதா, சீட் நடுங்குதா?"

"சீட்."

"அப்ப முன்னுக்கு இல்ல. நியூட்ரல்ல போடு."

அறுபத்தைந்தில் நியூட்ரலுக்கு மாற்றினேன். என்ஜின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. மச்சான் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். அவர் முகம் மாறியது.

"பிரேக்க மெதுவாப் பிடி. இனி இந்த ஸ்பீடுக்கு ஏத்தாத. சாஃப்ட்ட முன் தலை கழண்டு ரோட்டுல குத்திச்சு எண்டா வண்டியையே தூக்கி எறிஞ்சுரும்."

முந்தின நாள்தான் அதே சீட்டில் ராத்தாவையும் பிள்ளைகளையும் ஏற்றிப் புத்தளத்துக்குப் போய் வந்திருந்தேன். பயந்துபோனேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

கராஜுக்கு வந்ததும் சாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சில்லுகளால் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து. ஒரு அசைவும் இல்லை. பிழை சாஃப்டில்தான் என்று முடிவாகிவிட்டது.

"அது நீங்க பூட்டினதுதானே?" என்றேன். வாசல் வாங்கில் மூன்று பேர் தங்கள் வண்டிக்காக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"குரொஸ் சரியாத்தான் விழுந்திரிக்கி. என்னட்ட வர முந்தி வேற யாரும் இதுல கை வெச்சதா?"

"வல்லாஹி, ஒருத்தனும் தொடல்ல."

வேறு கராஜைக் கேட்கிறார் என்று நினைத்தேன். கிணற்றடி ஞாபகத்துக்கே வரவில்லை. உப்புக் கழுவுவதை எங்களில் யார் ஒரு வேலையாக எண்ணுகிறார்கள்?

"சத்தியம் பண்ணாத தம்பி. யோசிச்சுச் சொல்லு."

மூன்று பேருக்கு முன்னால் என்னைப் பொய்யன் ஆக்குகிறார் என்று தோன்றியது. வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"என்ட சாமான நாசமாக்கிப் போட்டு எனக்கே புத்தி சொல்றீங்களா? அகதியா வந்தவங்களுக்கு அடுத்தவன்ட பொருள்ட அருமை எங்க தெரியப் போகுது!"

வாங்கில் இருந்தவர்களில் இரண்டு பேர் மச்சானைப் போலவே தொண்ணூறில் கரைத்தீவுக்கு வந்தவர்கள். அவர்கள் எழுந்து வெளியே போனார்கள். பின் வாசலில் ராத்தா தேத்தண்ணித் தட்டோடு நின்றார், அவர் சட்டையைப் பிடித்தபடி மூத்த மகள். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு, "சாஃப்ட எடுத்துட்டுப் போ" என்றார்.

மூன்று நாள் ராத்தா வீட்டுப் பக்கம் போகவில்லை, கடைப் பாணும் பருப்பும்தான். நாலாம் நாள் காலை, கடலால் கரைக்கு வந்து வள்ளத்து என்ஜினை டிரம்மில் இறக்கினேன். கிணற்றடியில் அந்தச் சாஃப்ட் கிடந்தது. வாளியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. பிரித்தவன் நான். செருகியவனும் நான்.

குந்தியிருந்து கறுத்த எண்ணெய்ப் படையைச் சுரண்டினேன். ஒரு துண்டில் ஒரு சின்ன அம்புக்குறி, மற்றத் துண்டிலும் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டியவை. உள்ளிருக்கும் பற்களில் இரண்டு பல் தள்ளிச் செருகியிருந்தேன். இழுத்துத் திருப்பி நேராக்க ஒரு நிமிடம் போகவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பூட்டி ஓட்டினேன். அறுபத்தைந்து. எழுபது. கண்ணாடியில் ஒரே லொறி. நேரே கராஜுக்குத் திருப்பினேன்.

கழுவினதையும் பிரித்ததையும் பிழையாகச் செய்த சத்தியத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். மச்சான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டித் திறப்பைக் கையில் தந்தார்.

"பூட்ட முந்தி நானும் அந்தக் குறியப் பார்த்திரிக்கணும். என்னிலயும் பிழைதான்."

"நான் சொன்ன சொல்லுக்கு மன்னிச்சிருங்க மச்சான்."

"ஏழு வயசுல இருந்து கேக்குற சொல்லுதானே தம்பி" என்றார். "உள்ளுக்குப் போ. ராத்தா சோறு வெச்சிரிப்பா."

ராத்தா சோறு போட்டார். மீனின் நடுத்துண்டையும் எனக்கே வைத்தார். மூத்த மகள் அறை வாசலில் நின்றாள். வழமையாக என் மடியில் ஏறி என் தட்டில் பங்கு கேட்பவள். கூப்பிட்டேன், வரவில்லை.

"அந்த நாள்ல இருந்து ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டிரிக்கா" என்றார் ராத்தா. "'உம்மா, மாமா சொன்ன அகதி நானுமா?' எண்டு. நான் பதில் சொல்லல்ல. நீயே வந்து சொல்லு எண்டு விட்டு வெச்சிரிக்கன்."

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் முன்னால் போய்க் குந்தினேன். பிள்ளை வாசலில் நின்றபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.