ஆகாயத்தில் மகள், பெட்டிக்குள் கத்தரி

கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார் தையல்காரர். மகள் விமானம் ஏறிவிட்டாள் என்று அர்த்தம். அவள் தரையிறங்கும்வரை கடையில் ஒரு துணியும் வெட்டுப்படாது. அவசரம் என்று வந்து நிற்பவரிடமும் அதே பதில்தான்: "பாப்பா மேல இருக்கா. எறங்கட்டும், வெட்டிடலாம்."

வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது, இடுப்பளவு மறக்காது. "வாங்க முப்பத்தாறு" என்பார். வந்தவரின் இடுப்பு இப்போது நாற்பதைத் தொட்டிருந்தால் முகம் மலர்ந்து உட்காருவார்.

வெட்டுமேசைக்கு மேலே சுவரில் உலகப்படம். மகள் ஏறும், இறங்கும் இரண்டு விமான நிலையங்களிலும் குண்டூசி குத்தி, நடுவே டேப்பை இழுத்துப் பிடிப்பார். அங்குலத்தைக் கிலோமீட்டராக்கி, விமானத்தின் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் பயண நேரம். டிக்கெட்டில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அசரமாட்டார். "ஏறவும் எறங்கவும் கொஞ்சம் விடணும்ல, தையலுக்குத் துணி விடுற மாதிரி."

இந்தமுறை மகள் கைக்குழந்தையோடு தனியாகப் போகிறாள். பேரனுக்கு இதுதான் முதல் விமானம்.  விமானம் எங்கே போகிறது என்று காட்டும் செயலி ஒன்றை மருமகன் தாத்தாவின் தொலைபேசியில் போட்டுக் கொடுத்திருந்தார். நிம்மதிக்காகச் செய்தது; வினையாகிவிட்டது. டேப் காட்டிய நேர்கோட்டில் போகவேண்டிய விமானம் வடக்கே ஏறிக்கொண்டே போனது.

"இவன் எங்க போறான்? வழி தப்பிட்டானா?"

வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "உலகம் என்ன உங்க வெட்டுமேசையா, தட்டையா கெடக்க?"

விமானம் ஏன் வளைந்து போகிறது என்று மருமகன் சொன்னபோது காதுகொடுத்துக் கேட்டவள் அவள்தான். பேரன் விட்டுப்போன ரப்பர் பந்தை எடுத்தாள். பந்தின் நடுக்கோட்டுக்கு மேலே, ஒரே மட்டத்தில், தள்ளித்தள்ளி இரண்டு குண்டூசி குத்தி நூலை இறுக்கினாள். நூல் தானாக மேற்பக்கம் ஏறி நின்றது.

பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, தோளுக்கு அளவெடுக்கிறப்பவும் டேப்பு வளைஞ்சுதானே போகுது. இவ்வளவு நாளா உலகத்த அவுத்துப் போட்ட சட்டையா நெனச்சு அளந்திருக்கேன்."

பாதி உயிர் வந்தது. மீதி, சாயங்காலம் தொலைபேசி மணியோடு வந்தது.

"எறங்கிட்டோம்பா. உங்க பேரன் வழிபூரா தூக்கம். கத்திரிய வெளிய எடுங்க, பாவம் ஜனங்க."

"சரிம்மா, சரிம்மா" என்றார். முகத்தைத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தார். எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தவர் கண்ணில் மனைவியின் மடியில் கிடந்த கோட்டு பட்டது. காலையிலிருந்து அவள் தைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரே பொத்தானைத்தான். அதுவும் கோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, பிரிக்க முடியாதபடி.

 பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியின் நுனியால் அந்த நூலை மெல்ல வெட்டி, பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்தார்.