கல்வாரியை வலம்வந்த மனோன்மணி அக்கா

மனோன்மணி அக்கா காலமான செய்தி, பாரிஸின் ரூ பெர்தொனே தெருக் கடையொன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது வந்தது. எதிரே எங்கள் சங்கத் தலைவர் இருந்தார். "பாவம், அந்த எலும்புக் கோயிலுகளுக்குப் போய்ப் போய்த் தேடிக்கொண்ட வினை" என்றார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். என் பதிலை இங்கே எழுதுகிறேன்; அவரும் வாசிப்பார்.

பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை கற்றவர் அக்கா. கோடைதோறும் லா சப்பல் பகுதித் தமிழ்க் குடும்பங்களைப் பஸ்ஸில் ஏற்றி, பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரெத்தாஞ் பகுதியின் பழைய தேவாலய வளவுகளுக்கு அழைத்துச் செல்வார். ஒரே மதிலுக்குள் வளைவு வாசல், தேவாலயம், பழைய புதைகுழிகளில் எடுத்த எலும்புகளைச் சேர்த்துவைத்த எலும்பு மண்டபம். நடுவே இயேசுவின் கதையைக் கருங்கல் உருவங்களாக நிறுத்திய கல்வாரி மேடை.

முதற்பயணத்தில் நல்ல மழை. வளைவு வாசலைக் கண்டதும் நம்மவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். தடுக்கப்போன என்னைக் கையமர்த்திவிட்டு அக்காவும் கழற்றினார். ஈரக் காலுறையோடு கல்வாரியை வலம்வந்தோம். பாதிச் சுற்றில் ஒரு நகைக்கடைக்காரர் திகைத்து நின்றார்.

"அக்கா, இஞ்சை சிலுவையாலை இறக்கிப்போட்டினம். அங்காலை இப்பத்தான் பிறக்கிறார்!"

"ஓம் தம்பி. நாங்கள் வலம் வருவமெண்டு சிற்பிக்கு ஆர் சொன்னது?"

எலும்பு மண்டப வாசலில் சாவை அம்பேந்திய எலும்புக்கூடாகச் செதுக்கியிருந்தார்கள். தலைவர் உள்ளே வர மறுத்தார். "வெளியில நிண்டா அவன் விட்டிடுவானோ, தலைவர்?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். தலைவர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

இவ்வருடப் பயணத்தையும் அக்காவே ஒழுங்குசெய்திருந்தார். துடக்கை, அதாவது சாவுத் தீட்டைச் சொல்லி அதை நிறுத்த முயன்றவர் தலைவர். துடக்கு உறவினருக்கு உரியது, சங்கத்துக்கு அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் செத்தவீட்டிலேயே சில குடும்பங்கள் பின்வாங்கின. அப்போது, புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்த அந்த வீட்டின் மூலையில் அமர்ந்திருந்த அக்காவின் கணவர் நிமிர்ந்தார்.

"துடக்கு எனக்குத்தானே? நான் கோயிலுக்குள்ள வரேல்லை, மதிலுக்கு வெளியில நிக்கிறன். பஸ்ஸுக்கு என்ன துடக்கு?"

பின்வாங்கியவர்கள் அன்று மாலையே என்னைத் தொலைபேசியில் அழைத்து, தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

அக்கா நிறைவாக வாழ்ந்து போனவர். எனக்கு அழுகை வரவில்லை. கல்லில் நின்ற சாவின் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, "சரி, எங்கை சாப்பிடுறது?" என்று கேட்பாரே, அந்த நிதானத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை பஸ் புறப்படும். தலைவருக்கும் ஜன்னலோரம் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.