பெரியவன் யோசிக்கிறான்

“மிக்ஸி போடாத கலை, பெரியவன் யோசிக்கிறான்!” என்று கூடத்திலிருந்து குரல் வருகிறது. கலையரசி டீச்சர் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்ட ஜாரை அப்படியே மேடையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. சொந்த வீட்டில், சொந்தச் சட்னிக்கு உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது!

பெரியவன் அவர் பெற்ற பிள்ளை இல்லை. கணவர் தெய்வசிகாமணியின் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிற செயற்கை அறிவு மருத்துவ மாடல். வைத்தியப் புத்தகங்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் மூட்டை மூட்டையாகப் படித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிற சமாச்சாரம். முழுசாக ஓட்டுவதென்றால் ஒரு மனை விலைக்கு மிஷின் வேண்டும். யாரோ புண்ணியவான்கள் அதற்குள் இருக்கும் எண்களின் நுணுக்கத்தைக் குறைத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் அடங்குகிற மாதிரிச் சுருக்கி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரே மாடலை மனிதர் மூன்று அளவில் இறக்கி வைத்திருக்கிறார். ரொம்பச் சுருக்கியது சின்னவன். அதைவிடக் கொஞ்சம் கம்மியாகச் சுருக்கியது நடுவுலவன். சுருக்கியும் சுருங்காதது பெரியவன். சின்னவன் கேட்ட மாத்திரத்தில் கொட்டிவிடுவான். பெரியவன் நாலு வரி சொல்வதற்குள் காபி ஆறிவிடும். அவன் வேலையாயிருக்கும்போது மிக்ஸி ஓடினால் யூ.பி.எஸ். கீச்சென்று கத்தி எல்லாம் அணைந்துபோகும். அப்புறம் முதலிலிருந்து.

தெய்வசிகாமணி தட்டாஞ்சாவடியில் ஒரு பம்பு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். கைலி, தோளில் துண்டு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, மடியில் ஸ்க்ரூ டிரைவர். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டு நாளாகிறது. வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் அதன் வயிற்றைப் பார்த்துச் சுற்றுகிறது. டீச்சர் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாளை மடித்து விசிறிக்கொள்கிறார்.

இத்தனைக்கும் ஆரம்பம் நல்ல மனசுதான். டீச்சரின் கிட்னி ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு தடவை செல்போனில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து போனைத் திறந்தால் கல்லடைப்பு மருந்து விளம்பரம். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் பொண்டாட்டி கிட்னிய ஊர்ல இருக்கறவன்லாம் இன்னாத்துக்குப் பாக்கணும்? நம்ம வூட்டு நோவு நம்ம வூட்டுக்குள்ளயே இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு டீச்சர் உருகித்தான் போனார். உருகினதெல்லாம் அடுத்த மாதமே காய்ந்துவிட்டது.

பின்னே? கதிர்காமத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால், எதிரே தெரிவது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக் கட்டடம். “இங்கிருந்து கூப்ட்டா டாக்டருக்குக் காது கேக்கும். நீங்க பொட்டியாண்ட ஒக்காந்து கேட்டுக்கினு இருக்கீங்க!” என்று டீச்சர் கத்துவார். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “ஒரு நிமிசம் இரும்மா” என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் டீச்சர் சோறு வடித்து, குழம்பு கூட்டி இறக்கிவிடலாம்.

எந்த நோவானாலும் மூன்று பேரிடமும் கேட்பார். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் முடிந்தது, அதுதான் தீர்ப்பு. கம்பெனியில் பழகின பழக்கம் அது. “மூணு கேஜ் வெச்சி அழுத்தம் பாப்போம். ரெண்டு ஒத்துப்போச்சின்னா அதான் சரி. இதுவும் அப்டித்தான்.”

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஒரே ஆளு மூணு சட்ட மாத்திக்கினு வந்து போட்டா மூணு ஓட்டா? கணக்குலயே சேராதுங்க இது!”

“உனுக்குப் புரியாது கலை.”

முப்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் புரியாதாம்!

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் முழுப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை வந்தது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பது. நாலாம் நாள் டீச்சரால் காலை ஊன்ற முடியவில்லை. “ஏங்க, காலு வீங்கிக்கினு வருது, நோவு உயிர் போவுது” என்றார். தெய்வசிகாமணி உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே வயசு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் தட்டினார். சின்னவன் சதைப்பிடிப்பு என்றான். நடுவுலவனும் சதைப்பிடிப்பு, வெந்நீர் ஒத்தடம் என்றான். பெரியவன் யோசிக்க ஆரம்பித்தான்.

“ரெண்டு ஒத்துப்போச்சி. சதப்புடிப்புதான், பயப்படாத.”

டீச்சர் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நடந்தார்.

“இரு கலை! பெரியவனும் ஒரு வார்த்த சொல்லிடட்டும்.”

“அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன். நீங்களே கேட்டுக்கினு இருங்க!” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் மனிதர். டீச்சர் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருந்தார். பணியிலிருந்த பெண் டாக்டர் சின்ன வயசு. “எந்தக் கால்ல சார் வீக்கம்?” என்று கேட்டார்.

தெய்வசிகாமணி மளமளவென்று ஒப்பித்தார். வயசு, எடை, மூன்று மாத சர்க்கரை, போன வருஷத்து ஹீமோகுளோபின் வரைக்கும் ஒன்று விடவில்லை.

“அதெல்லாம் சரி சார். எந்தக் கால்?”

மனிதர் போர்வை மூடிய கால்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். டீச்சர் சொல்லியிருக்கலாம். அவரே சொல்லட்டும் பார்ப்போம் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டாக்டரே போர்வையை விலக்கினார். இடது கெண்டைக்கால் சிவந்து மினுமினுவென்று வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது விழுந்தபடி நின்றது. ஸ்கேனில் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருப்பது தெரிந்தது. “நேரத்தோட வந்துட்டீங்கம்மா. இது மேல ஏறி நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து” என்று சொல்லி ஊசி போட்டு வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம். வார்டு முழுக்கப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். தெய்வசிகாமணி கட்டில் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு எரிச்சல் பொங்கியது. “இன்னும் இன்னா நிக்கறீங்க? வூட்டுக்குப் போயி பெரியவன் இன்னா சொல்லி வெச்சிருக்கான்னு பாருங்க, போங்க!”

அவர் போகவில்லை. அத்தனை பேர் பார்க்க, கால்மாட்டுக்கு வந்து போர்வையை விலக்கினார். இடது கால்மேல் ஒரு கையும் வலது கால்மேல் ஒரு கையுமாக, அழுத்தாமல் வைத்துச் சூடு பார்த்தார்.