குளத்தில் மருந்தடிக்கவில்லை

தொண்ணூறுகளில் ஒரு வருடம் எங்கள் குளம் முழுக்க அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மண்டி மடையை அடைத்துவிட்டது. வாய்க்காலின் கடைசியில் இருந்த என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. கதிர் வெளிவரும் நேரம். களைக்கொல்லி அடித்து அமலையை ஒழிக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் வாதாடினேன். பால்மாடு வளர்க்கும் காதர் பாய் எழுந்தார்.

“மாடு இந்தத் தண்ணியத்தான் குடிக்குது, அண்ணாச்சி. மருந்தடிச்சா அத எங்க கொண்டுபோயித் தண்ணி காட்ட?”

“அப்ப எம் பயிரு காயட்டும்ங்கீரா வே?”

கூட்டத்தில் கையால் பிடுங்குவது என்று முடிவாயிற்று. நிலமே இல்லாத காதர் பாய்தான் முதலில் தண்ணீரில் இறங்கினார். ஒரு பக்கம் பிடுங்கப் பிடுங்க மறுபக்கம் மண்டியது. மடை திறப்பதற்குள் என் நெல் பதராகிவிட்டது.

ஒரு காலையில் அவர் என் வரப்பில் வந்து நின்றார்.

“மருந்தடிச்சிருந்தா பொழச்சிருக்குமோ, அண்ணாச்சி?”

பொய் சொல்லவும் மனம் வரவில்லை, உண்மை என்னவென்றும் தெரியவில்லை. அரிவாளை அவர் கையில் கொடுத்தேன்.

“மாட்டுக்காவது அறுத்துட்டுப் போம் வே.”

அவர் அறுத்தார். நான் கட்டுக் கட்டினேன்.

இரண்டு பேர் வாதாடினால் ஒருவர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். எங்கள் இருவர் பக்கமும் இருந்தது. பயிர்தான் இல்லை.