டிஷ்யூ பாக்கெட்டுக்குத் தலைவர் இல்லை

இன்று மதியம் தேக்கா உணவங்காடியில் ஃபாரூக்கோடு வாக்குவாதம். சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன்.

தலைவரே இல்லாமல் இளைஞர்கள் தெருவுக்கு வந்த வெளிநாட்டுப் போராட்டம் ஒன்றை என் கைப்பேசியில் பார்த்தான்.

“இது தாங்காது லா. அரசாங்கம் பேசக் கூப்பிட்டா யார் போவா?” என்றான்.

“தலைவர் இருந்தா, அவரைப் பிடிச்சு உள்ள போட்டா முடிஞ்சுது. இல்லாததுதான்டா பலம்,” என்றேன்.

இடம்பிடிக்க மேசையில் வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டைக் காட்டினேன். “இதுக்கு யார் தலைவர்? எந்தச் சட்டம்? டிஷ்யூ வெச்சா இடம் நம்மளுதுன்னு ஊரே மதிக்குதே!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாக்கெட்டை மேசையிலேயே விட்டுவிட்டு இருவரும் பிரியாணி வாங்கப் போனோம்.

திரும்பி வந்தால் எங்கள் மேசையில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கெட் ஓரமாகக் கிடந்தது. அது எங்கள் இடம் என்றேன்.

“டிஷ்யூதானே இருந்துச்சு, ஆள் இல்லையே,” என்றார் ஒருவர், நிமிராமலே.

“போ, கம்ப்ளைன் பண்ணு. யார்கிட்ட பண்ணுவே?” என்றான் ஃபாரூக்.

தட்டோடு நின்ற எங்களைப் பார்த்து, பக்கத்து மேசை மலாய் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு எதிரே இருந்த சீனர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடம் விடும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

“பாத்தியா? இதுக்கும் தலைவர் இல்ல,” என்றேன், உட்கார்ந்துகொண்டே.

ஃபாரூக் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “உட்கார இடம் கிடைச்சுது லா. ஆனா நம்ம மேசை இன்னும் அவங்ககிட்டதானே இருக்கு.”

பிரியாணி ஆறும்வரை யோசித்தேன்.

தலைவர் வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். உங்களில் யார் முதலில் பேசுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.