உச்சியில் நின்ற ராக்கெட்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். நான் பேசப் பேச மாணவிகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் சாக்பீஸை வைத்துவிட்டு, "வெடிமருந்து தீர்ந்த பட்டாசு ராக்கெட் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன்மேல் விசை உண்டா?" என்று கேட்டேன். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். விடை சொல்லாமல், பக்கத்தில் இருப்பவளோடு வாதாடச் சொன்னேன்.

சத்தம் கேட்டு வந்த துறைத்தலைவர், "பாடம் நடத்தலையா மேடம்?" என்றார்.

"நடக்குது சார், கேளுங்க."

அதுவரை வகுப்பில் வாய் திறக்காத திருத்தங்கல்லிலிருந்து வரும் மாணவி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விசை இல்லன்னா அது அங்கனயே நின்னுருக்கணும்லடி, ஏன் கீள வருது?"

துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே விசை உண்டு என்றார்கள். எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், அன்றைக்குப்போல் பெருமைப்பட்டதில்லை.